எதிர்காலத்தில் கொழுந்து பறிப்பவர் யார்?

(கேமரன் மலை, கோலா தெர்லாவில் நடந்த வாசகர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அறிவியல் புனைகதைகளைப் பற்றி நம் வாசகர்கள் என்ன சொல்கிறார்கள், அதில் எது நியாயம், எது போதாது என்று பேசச் சொல்லி அழைத்திருக்கிறீர்கள். நாவல்களைப் பற்றியும் பேச வேண்டும், வாரப் பத்திரிகைகளில் வந்த தொடர்களைப் பற்றியும் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டீர்கள். தமிழில் இரண்டையும் பிரிப்பது கடினம். நம்முடைய பெயர் பெற்ற அறிவியல் நாவல்கள் முதலில் தொடர்கதையாகத்தான் நம் கைக்கு வந்தன.

தமிழ் வாசகர்களிடம் இந்தப் பேச்சை எடுத்தால் முதலில் வரும் பாராட்டு, "சுஜாதா அப்பவே சொல்லிட்டாருங்க" என்பதுதான். ரோபோ நாய் கடைக்கு வந்தபோது சொன்னார்கள். முகத்தைப் பார்த்துத் திறக்கும் கைபேசி வந்தபோது சொன்னார்கள். இப்போது செயற்கை நுண்ணறிவைப் பார்த்தும் சொல்கிறார்கள். அந்த அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தப் பாராட்டு ஒரு கதாசிரியரைச் சோதிடராக்கிவிடுகிறது. சோதிடருக்கு மரியாதை சொன்னது பலிக்கும்வரைதான். பலிக்காத கதையை என்ன செய்வது? பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடலாமா?

இதற்கு ஒரு நல்ல உதாரணம் ஆர்தர் சி. கிளார்க். 1945இல், பிரிட்டனில் வெளிவந்த 'வயர்லெஸ் வேர்ல்ட்' என்ற இதழில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு நிலையத்தை நிறுத்தினால், அது பூமி சுழலும் வேகத்துக்கு ஈடாகச் சுற்றிவரும். கீழே இருப்பவர்களுக்கு அது வானத்தில் ஒரே இடத்தில் நிற்பதாகத் தோன்றும். அப்படி மூன்று இருந்தால் உலகம் முழுவதுக்கும் ஒலிபரப்பு செய்யலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். மலேசியாவின் முதல் செயற்கைக்கோளான மீசாட்-1, 1996 ஜனவரியில் அந்தப் பாதைக்குத்தான் போனது. அதே ஆண்டு ஆஸ்ட்ரோ செயற்கைக்கோள் தொலைக்காட்சி வந்தது, அதில் தமிழுக்கு வானவில் அலைவரிசை வந்தது. தோட்டத்து வீடுகளின் கூரையில் இன்று நிற்கும் ஆஸ்ட்ரோ தட்டு ஒவ்வொன்றும் கிளார்க் சொன்ன அந்த உயரத்தைப் பார்த்துத்தான் திரும்பியிருக்கிறது.

இதைவிடப் பலித்த வாக்கு எது? ஆனால் அதே கட்டுரையில் அவர் அந்த நிலையங்களில் மனிதர்கள் தங்கி வேலை செய்வார்கள் என்று எண்ணியிருந்தார். அன்றைக்கு மின்னணுக் கருவி என்றால் வால்வு. வால்வு சுட்டுப் போனால் கழற்றி மாற்ற ஆள் வேண்டும். டிரான்சிஸ்டர் வந்தது 1947 கடைசியில். இயற்பியல் கணக்கில் அவர் ஓர் அணுவும் பிசகவில்லை. அங்கே யார் வேலை செய்வார்கள் என்பதில்தான் பிசகினார். எதிர்காலத்தைக் கற்பனை செய்யும் மிகக் கூர்மையான மூளைகூட இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறது. இந்த மாலையில் நான் உங்கள் முன் வைக்கப்போவது இந்த ஒரு விஷயம்தான். ஓர் அறிவியல் கதையை எடைபோடும்போது, அது சொன்னது நடந்ததா என்று கேட்பதை விட்டுவிட்டு, அந்த உலகத்தில் யாருக்கு இடம் இருக்கிறது, யார் உழைக்கிறார்கள், யார் தீர்மானிக்கிறார்கள் என்று கேளுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்கும் தகுதி தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மற்றவர்களைவிட ஒரு படி கூடுதலாகவே இருக்கிறது.

சுஜாதாவையே எடுத்துக்கொள்வோம். எஸ். ரங்கராஜன் என்ற அந்தப் பொறியாளர் பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். இந்தியாவின் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதில் அவருக்குப் பங்கு உண்டு. எண்பதுகளில் ஆனந்த விகடனில் 'என் இனிய இயந்திரா'வைத் தொடராக எழுதினார். பிறகு 'மீண்டும் ஜீனோ' வந்தது. தூர்தர்ஷனில் தொலைக்காட்சித் தொடராகவும் முதல் கதை ஒளிபரப்பானது. கதை நடப்பதாக அவர் வைத்த காலம் 2020களின் தொடக்கம். அந்தக் காலத்தை நாம் இப்போது தாண்டி வந்துவிட்டோம்.

அந்த இந்தியா வரவில்லை. கதையில் எல்லாருக்கும் இரண்டெழுத்துப் பெயர்தான்: நிலா, சிபி, ரவி, மனோ. குழந்தை பெற்றுக்கொள்ள அரசாங்கம் அனுமதி தர வேண்டும். ஜீவா என்ற தலைவர் நாட்டை ஆள்கிறார். நிலாவுக்குக் குழந்தை பெற அனுமதி கிடைக்கிறது, அதே சமயம் கணவன் சிபி காணாமல் போகிறான். ரவி என்பவன் ஜீனோ என்ற இயந்திர நாயோடு அந்த வீட்டில் பங்கு கேட்டு வந்து சேர்கிறான். பலித்ததா இல்லையா என்று கணக்குப் பார்த்தால் இந்த நாவல் தோற்றுவிட்டது. ஆனால் படித்துப் பாருங்கள், தோற்கவில்லை. காரணம், அதன் நடுவில் இருக்கும் விஷயம் இயந்திரம் அல்ல. மக்கள் கொண்டாடும் அந்த ஜீவா ஒரு மனிதனே அல்ல, வெறும் ஹோலோகிராம். நேரில் ஒருமுறைகூடக் கைதொட்டுப் பார்க்காத ஓர் உருவத்தை ஒரு நாடு முழுவதும் நம்பிக் கும்பிடுகிறது. உருவத்துக்குப் பின்னால் இருப்பவர்கள் யார் என்று கேட்பவர்கள் தேசத் துரோகிகளாகிறார்கள். இது எந்த ஆண்டுக்கும் பொருந்தும் கதை. ஆண்டு முடிந்துவிட்டது என்பதற்காக அதன் வேலை முடிந்துவிடவில்லை.

அடுத்து ஜீனோ. அந்தக் குட்டி இயந்திர நாயை வாசகர்கள் கதையில் வரும் மனிதர்களைவிட அதிகம் நேசித்தார்கள். பேச்சுச் சாதுரியம் பிடித்தது, புத்தகம் படிக்கும் பழக்கம் பிடித்தது. நான் அதில் பார்ப்பது வேறொன்று. ஜீனோ யாரோ ஒருவருக்குச் சொந்தமான பொருள். சொன்ன வேலையைச் செய்யத்தான் அது வந்தது. வேண்டாமென்றால் கழற்றிப் போட்டுவிடலாம், கேட்க ஆளில்லை. அப்படிப்பட்ட ஒன்று படிக்கிறது, படித்துப் படித்து யோசிக்கிறது, யோசிப்பதால் கீழ்ப்படிய மறுக்கிறது. முதல் கதையைவிட 'மீண்டும் ஜீனோ'வில் இது இன்னும் அழுத்தமாக வருகிறது. அதில் நிலா அரியணையில் இருக்கிறாள், ஆனால் ஆட்டுவிப்பவர்கள் வேறு. மனசாட்சியோடு எதிர்த்து நிற்பது ஓர் இயந்திரம். நம் தாத்தா பாட்டிகளுக்கு எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும், அதற்கு மேல் எதற்கு என்று நினைத்த தோட்ட நிர்வாகங்கள் இருந்த நாட்டில் பிறந்தவர்கள் நாம். ஜீனோ புத்தகம் படிக்கும் பக்கங்கள் நமக்கு வெறும் வேடிக்கையாக இருக்க முடியாது.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். வாரத் தொடர் என்பதால் ஒவ்வோர் அத்தியாயத்தின் முடிவிலும் ஓர் அதிர்ச்சி. அடுத்த வாரம்வரை வாசகரை இழுத்து வைக்க அது தேவைப்பட்டது. புத்தகமாக ஒரே மூச்சில் படிக்கும்போது அந்த அதிர்ச்சிகள் அலுப்பூட்டுகின்றன. நிலாவுக்கு முதல் கதையின் பெரும்பகுதியில் மற்றவர்கள்தான் விஷயத்தை விளக்குகிறார்கள். அவளாகக் கண்டுபிடிப்பது குறைவு. இந்தக் குறையைப் பெண் வாசகர்கள் சொல்லும்போது ஆண்கள் அவசரப்பட்டு மறுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

குமுதத்தில் வந்த அவருடைய 'கொலையுதிர் கால'த்துக்கு இன்றுவரை ஒரு தனி வாசகர் சண்டை இருக்கிறது. நடந்தது ஆவியா, விஞ்ஞானமா? கதையில் துப்பறியும் வக்கீல் கணேஷ் ஒரு பக்கம், அவருடைய உதவியாளர் வசந்த் ஒரு பக்கம். வாசகர்களும் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடுகிறார்கள். இத்தனை ஆண்டுகள் கழித்தும் வாதாட வைக்கும் கதை உயிரோடுதான் இருக்கிறது.

வாசகர்கள் சொல்லும் இரண்டாவது கருத்து, இதெல்லாம் வெள்ளைக்காரர்களிடம் கடன் வாங்கிய சரக்கு என்பது. ஓரளவு உண்மைதான். நம்மில் பலர் முதன்முதலில் படித்த அறிவியல் கதை சிவகாசி முத்து காமிக்ஸ் 1972இல் கொண்டுவந்த 'இரும்புக்கை மாயாவி'. மின்சாரம் பாய்ந்தால் உருவம் மறைந்து கை மட்டும் தெரியும் அந்த ஆள் பிரிட்டிஷ் காமிக்ஸிலிருந்து வந்தவன். பல வீடுகளில் அந்தப் புத்தகங்களை மெத்தைக்கடியில் ஒளித்து வைத்துப் படித்தார்கள். ஆனால் கடன் மட்டும்தானா? ஜகதீச சந்திர போஸ் 1896இலேயே வங்காளத்தில் ஒரு கதை எழுதியிருக்கிறார். கடலில் எழுந்த புயல் ஒரு குப்பி தலைமுடி எண்ணெயால் அடங்கும் கதை. அதைவிட நமக்கு நெருக்கமானது ஒன்று உண்டு. ரொக்கேயா சகாவத் ஹுசைன் என்ற வங்காளப் பெண்மணி எழுதிய 'சுல்தானாவின் கனவு' 1905இல் அச்சானது சென்னையில், கமலா சத்தியநாதன் நடத்திய 'இந்தியன் லேடீஸ் மேகசின்' இதழில்.

அந்தக் கதையைப் பற்றி இந்தக் கூட்டத்தில் உள்ள அக்காமார்களுக்குச் சற்று விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். ஒரு நாடு. அங்கே ஆண்கள் வீட்டுக்குள் அடைந்திருக்கிறார்கள், பெண்கள் வெளியே நாட்டை நடத்துகிறார்கள். பெண் விஞ்ஞானிகள் சூரிய வெப்பத்தைச் சேர்த்து வைக்கிறார்கள், மேகத்திலிருந்து நேராகத் தண்ணீர் எடுக்கிறார்கள். நிலத்தை மின்சாரத்தால் உழுகிறார்கள். சூரிய வெப்பத்தால் அடுப்பு எரிகிறது, புகை கிடையாது. ஆய்வுக்கூடத்தில் பார்க்க வேண்டிய வேலையை ஒரு பெண் இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடுகிறாள். 1905இல், இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி எழுதியது இது. சூரிய அடுப்பை முன்கூட்டியே சொன்னார் என்று பாராட்டுவார்கள். என்னை அசைத்தது அந்த இரண்டு மணி நேரம். விஞ்ஞானம் வளர்ந்தால் வேலை நேரம் குறைய வேண்டும், குறைந்த நேரம் உழைப்பவளுக்கே திரும்பி வர வேண்டும் என்று அவர் கேட்டிருக்கிறார். காலையில் சமைத்து வைத்துவிட்டு மலைச்சரிவில் நாள் முழுக்க நின்று, மறுபடி வீட்டுக்கு வந்து சமைக்கிறவர்கள் அந்த இரண்டு மணி நேரத்தின் அருமையை உடனே புரிந்துகொள்வார்கள்.

வேலையைப் பற்றிச் சொல்ல வந்துவிட்டேன், அதனால் இன்னொரு படைப்பையும் சொல்லிவிடுகிறேன். செக் எழுத்தாளர் காரெல் சாபெக் 1920இல் எழுதி, 1921இல் பிராக் நகரில் மேடையேறிய 'ஆர்.யு.ஆர்.' நாடகம். ஒரு தீவில் தொழிற்சாலை. அங்கே வேலைக்கென்றே செயற்கை மனிதர்களைத் தயாரித்து உலகம் முழுவதும் விற்கிறார்கள். இரும்பு மனிதர்கள் அல்ல, பார்க்க நம்மைப்போலவே இருப்பார்கள். சம்பளம் கேட்கமாட்டார்கள், களைக்கமாட்டார்கள் என்று விளம்பரம். கடைசியில் அவர்கள் எழுகிறார்கள். இதை இயந்திரங்களின் கிளர்ச்சிக் கதை என்று உலகம் படிக்கிறது. நீங்கள் வாசித்தால் ஆள் பிடித்து அனுப்பும் வியாபாரத்தின் கதையாகத்தான் படிப்பீர்கள்.

இந்த மலையில் அந்த வரலாறு கண்முன்னே நிற்கிறது. 1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கிய காலத்தில் கொழுந்து பறித்தவை கைகள்தான். கங்காணிகள் அழைத்து வந்த தமிழர்களின் கைகள். இந்திய அரசு 1938இல் தொழிலாளர்களை அப்படி அனுப்புவதை நிறுத்தியது. பிறகு கத்திரி வந்தது. அதற்குப் பிறகு இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வரிசைமீது நடத்திப்போகும் மெஷின் வந்தது. நம் பிள்ளைகள் படித்து ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போனார்கள். அதற்காகத்தான் பெற்றவர்கள் பாடுபட்டார்கள். ஆனால் வரிசையில் இப்போது நிற்பவர்கள் யார்? வங்காளதேசத்து இளைஞர்கள், நேபாளிகள், இந்தோனேசியர்கள். அவர்களும் கடல் தாண்டி வந்தவர்கள்தான், ஊரில் கடன் வைத்துவிட்டு வந்தவர்கள்தான். இயந்திரம் வந்ததும் உழைப்பு மறைந்துவிடவில்லை, வேறொரு நாட்டு மனிதனின் முதுகுக்கு மாறியது. ஒரு நாவல் இருநூறு ஆண்டுக்குப் பிறகான உலகத்தைக் காட்டி, அங்கே எல்லாம் தானாக நடக்கிறது என்று சொன்னால், 'தானாக' என்பதற்குப் பின்னால் யார் ஒளிந்திருக்கிறார் என்று கேட்க உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மறுபடி கிளார்க்கிடம் போக வேண்டியிருக்கிறது. அவர் 1956 முதல் இலங்கையில் வாழ்ந்தவர். சுஜாதா 2008 பிப்ரவரி 27இல் காலமானார். மூன்று வாரம் கழித்து மார்ச் 19இல் கிளார்க் கொழும்பில் காலமானார். 1979இல் வந்த அவருடைய 'சொர்க்கத்தின் நீரூற்றுகள்' நாவல் நெபுலா, ஹியூகோ என்ற இரண்டு பெரிய விருதுகளையும் பெற்றது. பூமியிலிருந்து விண்வெளிக்கு ஒரு மின்தூக்கி கட்டும் கதை. அது நிற்க வேண்டிய இடம் பூமத்திய ரேகை. கிளார்க் கதைக்காக இலங்கையை 800 கிலோமீட்டர் தெற்கே நகர்த்தி வைத்துவிட்டு, சிவனொளிபாத மலையின் சாயலில் ஒரு மலையை அடிவாரமாக்கினார். உச்சியில் ஒரு பௌத்த மடம். துறவிகள் மலையை விட மறுக்கிறார்கள். பொறியாளருக்கும் துறவிகளுக்கும் நடக்கும் அந்தப் போராட்டத்தை இரு தரப்புக்கும் மரியாதை கொடுத்து எழுதியிருக்கிறார். அறிவியல் கதை எழுத நினைப்பவர்கள் எல்லாரும் படிக்க வேண்டிய நாவல் அது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் சிவனொளிபாத மலையைச் சுற்றி என்ன இருக்கிறது? மஸ்கெலியா, நல்லதண்ணி. தேயிலை. அங்கே கொழுந்து பறிப்பவர்கள் நம்மைப்போலவே ஏழைத் தமிழ்க் கிராமங்களிலிருந்து கங்காணியோடு போனவர்களின் பிள்ளைகள். 1948இல் அவர்களுடைய குடியுரிமை பறிக்கப்பட்டது. 1964இல் இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து, எத்தனை பேர் அங்கே, எத்தனை பேர் இந்தியாவுக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். கிளார்க்கின் நாவல் வெளிவந்த 1979இலும் அந்த மக்கள் தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேஸ்வரத்தில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். நாவலின் கதையை நகர்த்துபவர்களில் ஒரு தோட்டத் தொழிலாளிகூட இல்லை. மலை யாருக்குச் சொந்தம் என்று பொறியாளரும் துறவியும் வாதாடுகிறார்கள். மலைச்சரிவில் நான்கு தலைமுறையாக உழைத்தவர்களின் தரப்பு அந்த வாதத்தில் இல்லை. கிளார்க்கின் மீது எனக்குக் கோபம் இல்லை. கொழும்பு வீட்டிலிருந்து பார்த்தால் தெரிவது வேறு, லயத்து வாசலிலிருந்து பார்த்தால் தெரிவது வேறு. வாசலிலிருந்து பார்த்ததை எழுத வேண்டியவர்கள் நாம்தான்.

"அறிவியல் இருக்கு, மனுஷங்க இல்லை" என்பது வாசகர்கள் அடிக்கடி சொல்லும் இன்னொரு குறை. சீன எழுத்தாளர் லியூ சிசினின் 'மூவுடல் சிக்கல்' மீதும் இதே குறையை உலகம் முழுக்கச் சொல்கிறார்கள். 2006இல் ஓர் இதழில் தொடராக வந்து, 2008இல் புத்தகமாகி, ஆங்கிலத்துக்குப் போய் 2015இல் ஹியூகோ விருது பெற்றது. அவரும் பொறியாளர்தான், ஷான்சி மாநிலத்தில் ஒரு மின்நிலையத்தில் வேலை பார்த்தவர். பாத்திரங்கள் தட்டையாக இருக்கின்றன என்பது பல இடங்களில் உண்மை. ஆனால் கதை எங்கிருந்து கிளம்புகிறது என்று பாருங்கள். கலாசாரப் புரட்சியின்போது தன் தந்தையைச் செங்காவலர்கள் அடித்துக் கொல்வதைக் கண்ணால் பார்த்த ஒரு பெண். மனித இனத்தின் மீதே நம்பிக்கை இழந்த அவள், வேற்றுலகத்துக்கு அனுப்பும் ஒரு பதிலில் எல்லாம் மாறிப் போகிறது. நானூறு ஆண்டுத் தொலைவில் நடக்கப்போகும் படையெடுப்புக்கு வேர் 1960களின் ஒரு மைதானத்தில் இருக்கிறது. அந்த ஒரு பாத்திரம் தட்டையாக இல்லை. தன் நாட்டின் காயத்தைத் தொட்டு எழுதியதால் அவள் மட்டும் எழுந்து நிற்கிறாள்.

நம் நாட்டுத் தமிழிலும் காயங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' இருக்கிறது. அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்', 'லங்காட் நதிக்கரை' இருக்கின்றன. கடந்த காலத்தை நாம் பெரும் உழைப்போடு எழுதிவிட்டோம். எதிர்காலத்தை அந்த அளவுக்கு எழுதவில்லை. தலைமுறை தலைமுறையாக ஒரே விண்கப்பலில் பிறந்து, கிளம்பிய ஊரையும் போகும் ஊரையும் பார்க்காமலே சாகும் மனிதர்களைப் பற்றி மேல்நாட்டில் எத்தனையோ நாவல்கள் வந்துவிட்டன. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் அந்தக் கதையை எழுதினால் அது வேறு விதமாக இருக்கும்.

நம் பழமையையும் விஞ்ஞானத்தையும் சேர்க்கும் கதைகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஜெயமோகனின் 'விசும்பு' தொகுப்பு சித்த மருத்துவத்தையும் ரசவாதத்தையும் வலசைப் பறவைகளையும் எடுத்துக்கொண்டு அறிவியல் கதை எழுத முடியும் என்று காட்டியது. எனக்குப் பிடித்த தொகுப்பு அது. க. சுதாகரின் '6174' நாவல் கப்ரேகர் கண்டுபிடித்த எண்ணையும் லெமூரியாவையும் கோத்துக்கொண்டு பறக்கிறது. விறுவிறுப்புக்குக் குறைவில்லை. ஆனால் அதைப் படித்துவிட்டுச் சிலர், பார்த்தீர்களா, குமரிக்கண்டம் உண்மைதான் என்கிறார்கள். லெமூரியா என்பது 1864இல் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர் லெமூர் என்ற விலங்கு மடகாஸ்கருக்கும் இந்தியாவுக்கும் எப்படிப் பரவியது என்று விளக்கச் சொன்ன ஊகம். கண்டங்கள் நகர்கின்றன என்பது உறுதியானதும் அந்த ஊகம் கைவிடப்பட்டது. கதாசிரியர் அதைக் கதைக்குப் பயன்படுத்தலாம், அவருக்கு அந்த உரிமை உண்டு. கதையை ஆதாரமாக எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தில் பேச வாசகருக்கு உரிமை இல்லை. பெருமை வேண்டுமென்றால் நமக்கு உண்மையான பெருமைகளே நிறைய இருக்கின்றன.

சினிமாவை நான் நீட்டப்போவதில்லை. 1963இல் வந்த 'கலை அரசி'யில் வேற்றுக்கிரகத்தார் எம்.ஜி.ஆர் காலத்துப் பூமிக்கு வந்தது இசை கற்றுக்கொள்ள ஒரு பாடகியைத் தேடி. 2010இன் 'எந்திர'னில் சுஜாதாவின் கை இருந்தது, படம் வந்தபோது அவர் இல்லை. இன்றைய இளைஞர்கள் படம் பார்த்துவிட்டுத்தான் புத்தகத்துக்கு வருகிறார்கள். எந்த வழியில் வந்தாலும் வரவேற்போம். ரே பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451' வெ. ஸ்ரீராம் மொழிபெயர்ப்பில் தமிழில் கிடைக்கிறது. புத்தகங்களை எரிப்பதற்கென்றே தீயணைப்புப் படை வைத்திருக்கும் நாட்டின் கதை. பதினாறு வயதுக்கு மேற்பட்ட மாணவர்கள் முதலில் அதைப் படிக்கலாம்.

கடைசியாக உங்கள் ஊருக்கு வருகிறேன். கோலா தெர்லாவில் என்ன அறிவியல் கதை இருக்கிறது என்று மாணவர்கள் நினைக்கலாம். உங்கள் காலடியில் இருக்கிறது. தெலோம் ஆறு தன்போக்கில் விட்டால் ஜெலாய் ஆற்றில் சேர்ந்து, பகாங் ஆறாகித் தென்சீனக் கடலில் விழ வேண்டிய ஆறு. 1960களில் மலையைக் குடைந்து அந்தத் தண்ணீரைப் பெர்த்தாம் ஆற்றின் பக்கம் திருப்பினார்கள். வழியில் கம்போங் ராஜாவிலும் இந்தக் கோலா தெர்லாவிலும் சிறு மின்நிலையங்கள். பிறகு ஹாபு, ரிங்லெட் நீர்த்தேக்கம். அங்கிருந்து மறுபடி சுரங்கம், பேராக் பக்கம் ஜோரில் பூமிக்கடியில் பெரிய மின்நிலையம். இந்த மலையின் மேல் பெய்யும் மழை திசை மாறி மலாக்கா நீரிணைக்குப் போகிறது. ஒரு மலைத்தொடரின் முதுகெலும்புக்குக் குறுக்கே ஆற்றையே மாற்றி விட்டிருக்கிறார்கள். வேற்றுக்கிரகத்தில் இப்படிச் செய்தார்கள் என்று ஒரு நாவலில் படித்தால் வாயைப் பிளப்போம்.

இந்தத் தொழில்நுட்பத்துக்கு ஒரு விலையும் உண்டு. சரிவுகளை வெட்டிக் காய்கறி போட்டதால் மண் கரைந்து நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. 2013 அக்டோபர் 23 அதிகாலையில் அந்த நீர்த்தேக்கத்தின் சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து திறந்த தண்ணீர் பெர்த்தாம் பள்ளத்தாக்குக்குள் புகுந்தது. உயிர்கள் போயின, வீடுகள் போயின. அணையைக் கட்டத் தீர்மானித்தவர்கள், மின்சாரத்தை எரிப்பவர்கள், சரிவை வெட்டியவர்கள், வெள்ளத்தில் நின்றவர்கள் எல்லாரும் ஒரே ஆட்கள் அல்ல. இதற்கெல்லாம் முன்பிருந்தே இந்தக் காட்டில் வாழும் செமாய் மக்களை யாரும் கேட்டுச் செய்ததில்லை. அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெகுவின் 1972இல் எழுதிய ஒரு குறுநாவலில், பூமியிலிருந்து போனவர்கள் காடு மூடிய ஒரு கிரகத்தில் மரம் வெட்டுகிறார்கள். காட்டு மக்களைக் கூலியாக்குகிறார்கள். அவர் வியட்நாம் போரை மனத்தில் வைத்து எழுதினார். குனோங் பிரிஞ்சாங் காட்டுப் பக்கம் ஒருமுறை நடந்துவிட்டு வந்து அதைப் படிப்பவருக்கு வியட்நாம்வரை போக வேண்டிய அவசியம் இருக்காது.

ஆகவே மாணவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். சிங்கப்பூர் நண்பர்கள் நடத்தும் 'அரூ' இதழ் 2019இல் அறிவியல் சிறுகதைப் போட்டியைத் தொடங்கியது. அதுபோன்ற போட்டிகளுக்கு எழுதும்போது செவ்வாய்க் கிரகத்துக்குப் போங்கள், தடையில்லை. போகும் விண்கலத்தில் உங்கள் ஊர்க்காரர் ஒருவரையும் ஏற்றிக்கொள்ளுங்கள். அவருக்கு அங்கே என்ன வேலை, என்ன சம்பளம், திரும்பி வர டிக்கெட் உண்டா என்று எழுதுங்கள்.

பெரியவர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்த கூட்டத்துக்கு 'மீண்டும் ஜீனோ' என்று முடிவு செய்திருப்பதாகக் கூட்டத் தலைவர் சொன்னார். இருக்கும் சில பிரதிகளை வீட்டுக்கு வீடு மாற்றிப் படியுங்கள். படித்து முடித்ததும், பிடித்திருந்தாலும் பிடிக்காவிட்டாலும், ஆளுக்கு ஒரு பக்கம் எழுதிக் கொண்டுவாருங்கள். "நல்லா இருந்துச்சு" என்ற ஒரு வரியோடு நிறுத்திவிடாதீர்கள். எந்த இடம் உங்களை நம்ப வைத்தது, எந்த இடத்தில் ஆசிரியர் அவசரப்பட்டார், அந்த உலகத்தில் நீங்கள் இருந்திருந்தால் உங்களுக்கு எந்த வேலை கிடைத்திருக்கும் என்று எழுதுங்கள். எழுதிய பக்கத்தின் கீழே உங்கள் பெயரையும் போடுங்கள்.